உள்ளே போட்ட சங்கிலி

சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்? கோபத்தில் பெரும்பங்கு எனக்குத்தான். மிச்சத்தில் மாமியாருக்கு ஒரு பங்கு, அவர் தங்கைக்கு ஒரு பங்கு, ‘சின்ன விஷயம்தானே’ என்று சொன்ன என் கணவருக்கு ஒரு பங்கு. எட்டு வருடமாகப் பங்கு பிரித்துக்கொண்டே இருக்கிறேன், குறைந்தபாடில்லை.

யாருக்காக இந்தக் கோபமோ, அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஜார்ஜ்டவுன் பீச் ஸ்த்ரீட்டில், கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குப் பத்திரங்கள் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ். அதில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கல்யாணம் ஆகாதவர். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அவரை வைத்து நான் ஏற்கெனவே ஒரு காரியம் செய்தாயிற்று, அது போதும்.

அக்காவுக்கு எதையும் ஒளிக்க வராது. ஒருநாள் ஒரு சீனத் தவுக்கே, பெரிய வியாபாரி, தன் பத்திரம் இன்னும் வரவில்லை என்று ஆபீசுக்கே வந்து கத்தினார். முதலாளி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சுங்கத்தில் தாமதம் என்று சொல்லும்படி கையைக் காட்டினார். அக்கா பார்த்தார். பார்த்துவிட்டு, “சுங்கம் இல்ல தவுக்கே, என் தப்பு. மூணு நாளா என் மேசையில கெடக்கு, மறந்துட்டேன்” என்று மலாயில் சொன்னார். தவுக்கேவுக்கு அதற்கு மேல் கத்த ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. முதலாளி இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை.

“சொல்லாம இருந்திருக்கலாம்லக்கா?” என்றேன்.

“இருக்கலாம். அப்புறம் என்ன பொய் சொன்னோம்னு ஞாபகம் வச்சிக்கிட்டே இருக்கணும். ரொம்ப சுசா லா, அந்தக் கஷ்டம் எனக்கு வேணாம்” என்றார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். “பிள்ளை இல்ல, புருஷனும் இல்ல, பூனை ரெண்டு இருக்கு. அடுத்து என்ன கேக்கணும்?” என்றார் அக்கா. இப்படிப்பட்ட ஆளோடு தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாள் எனக்கு அவர் மேலேயே எரிச்சல் வரும்.

அவர் கழுத்தில் கிடந்த சங்கிலியும் அவரைப் போலத்தான். ஒரு அறுகோணம், ஒரு நீள்சதுரம், மறுபடி ஒரு அறுகோணம் என்று தட்டையான கண்ணிகள் கோத்த தங்கச் சங்கிலி. இருபத்து நான்கு அங்குலம். பதக்கம் எதுவும் கிடையாது. சட்டை போட்டால் காலருக்கு வெளியே, சேலை கட்டினால் முந்தானைக்கு மேலே, எதைக் கட்டினாலும் அது வெளியேதான் கிடக்கும். சொந்தச் சம்பளத்தில் நாற்பது வயதில் வாங்கியது. கடையில், “யாருக்கு வாங்குறீங்க?” என்று கேட்டார்களாம். “ஏன், எனக்குக் கழுத்து இல்லையா?” என்று கேட்டாராம்.

எங்கள் பக்கம் கல்யாணமானவர்கள் தாலிக்கொடியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வது வழக்கம். அதனால் ஒரு பெண்ணின் கழுத்தில் தங்கச் சங்கிலி ரவிக்கைக்குள் இறங்கினால், அதன் முனையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தாலி என்றே வைத்துக்கொள்வார்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால் நடந்ததுதான்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் போனஸ் வந்தது. அக்காவுடையது மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தோம். கடைக்காரர் நாலு தட்டு எடுத்து வைத்தார். முக்கோணக் கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி என் கண்ணைப் பறித்தது. அதைத்தான் கையில் எடுத்தேன்.

அக்கா அதை வாங்கித் தன் பருத்தித் துப்பட்டாவின் ஓரத்தில் மெதுவாக இழுத்தார். ஒரு முக்கோணத்தின் மூலை நூலைப் பிடித்துக்கொண்டது. “உன் சேலை பூரா பிச்சிரும்” என்று திருப்பி வைத்துவிட்டார். அடுத்ததை நடுவில் பிடித்துத் தொங்கவிட்டார். பாதிக் கண்ணிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. “இது கழுத்துலயும் திரும்பும். நாள் பூரா கண்ணாடி முன்னால நிக்கணும்.” மூன்றாவதைக் கவிழ்த்து முதுகைப் பார்த்தார். உள்ளே வெறும் கூடு. “ஒரு தடவ கதவுல இடிச்சா நசுங்கிரும்.”

நான்காவதை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று கடைக்கு வெளியே, காக்கி லீமா நடைபாதையின் விளிம்புக்குப் போய்விட்டார். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

“எங்கக்கா போறீங்க?”

“வெயில்ல பாக்கணும் தம்பி. உங்க கடை வெளிச்சத்துல கத்திரிக்காகூட மின்னும்.”

மத்தியான வெயிலில், நடந்து போகிற சனமெல்லாம் பார்க்க, அதை என் கழுத்தில் போட்டுவிட்டார். அறுகோணங்கள் சின்னதாக, நடுவில் மெல்லிய கம்பி மாதிரி நீள்சதுரங்கள். “உனக்குக் குட்டைக் கழுத்து. பெரிய கண்ணி போட்டா கழுத்தே தெரியாது. இது சரி” என்றார். இதையெல்லாம் அவர் மெதுவாகச் சொல்லமாட்டார். பக்கத்துப் பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது.

கடைக்காரர் ஒரு இதயப் பதக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். “சங்கிலிக்கு எதுக்கு வால்?” என்று அக்கா அதைத் தள்ளிவிட்டார். மறுநாள் நான் அந்தச் சங்கிலியோடு பெரிய ஜிமிக்கியும் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். “காது பேசுனா கழுத்து சும்மா இருக்கணும். ரெண்டும் பேசுனா பாசார் இரைச்சல் மாதிரி இருக்கு” என்றார். கழிப்பறைக்குப் போய் ஜிமிக்கியைக் கழற்றிவிட்டு வந்தேன். “கொடி உள்ள இருக்கட்டும், அது உன் வீட்டு விஷயம். இது நீ வாங்குனது, வெளிய கெடக்கட்டும்” என்றும் சொன்னார்.

வெளியே கிடந்தது ஒருநாள்தான். ஆபீஸ் தீவில், என் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், மாமியாரோடு. அன்று மாலை வாசலில் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “என்னம்மா இது, சைக்கிள் செயினா?” என்று கேட்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து காலையில் ஃபெர்ரியில் ஏறியதும் சங்கிலியை வெளியே எடுப்பேன். மாலையில் ஃபெர்ரி பாதிக் கடல் வந்ததும் உள்ளே தள்ளிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவும் என்னோடு ஃபெர்ரியில் வந்தார். புக்கிட் மெர்தாஜாமில் அவர் அண்ணன் வீடு. பாதிக் கடலில் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கரையில திருடன் ஜாஸ்தியா?”

“ஆமாக்கா. மோட்டார்ல வந்து அறுத்துட்டுப் போறானுங்க.”

“திருடனுக்கு அறுபது வயசு இருக்குமா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கர்ப்பமானேன். ஏழாம் மாதம் மாமியார் வீட்டிலேயே வளைகாப்பு. ஆபீசில் எல்லாரையும் கூப்பிட்டேன், அக்காவை இரண்டு தடவை கூப்பிட்டேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, அவர் மேசைக்குப் போய் நின்றேன்.

“அக்கா, சேலைதானே கட்டுவீங்க? அந்தச் சங்கிலிய உள்ள போட்டுக்கங்களேன்.”

“ஏன்?”

“சும்மாதான். எங்க சின்னத்தைக்கு வாய் ஜாஸ்தி. சைக்கிள் செயின் அது இதுன்னு ஏதாவது பேசுவாங்க.”

சின்னத்தை என்பது மாமியாரின் தங்கை. நான் சொன்னது பாதி உண்மைதான். மீதி உண்மை இது: அக்கா வெறும் சங்கிலியோடு வந்தால் தாலி எங்கே என்று கேள்வி வரும், அக்கா பட்டென்று பதில் சொல்வார், என் வளைகாப்பில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வேண்டாமாக இருந்தது.

“நீ கேக்குற. சரி” என்றார் அக்கா. அவர் யாருக்காகவாவது எதையாவது மறைத்தார் என்றால், எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அக்கா பச்சைப் பட்டுச் சேலையில் வந்தார். சங்கிலி ரவிக்கைக்குள் இறங்கியிருந்தது. அங்கே இருந்த மற்ற பெண்களைப் போலவே இருந்தார். எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

ஒன்பது சுமங்கலிகள் வளையல் போடவேண்டும் என்பது மாமியார் கணக்கு. எட்டுப் பேர் போட்டாயிற்று. ஒன்பதாவது ஆள் நிபோங் திபாலிலிருந்து வரவேண்டிய உறவுக்காரி. அவர் ஏறிவந்த காடி நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. மாமியார் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். பட்டுச் சேலையும் ரவிக்கைக்குள் இறங்கும் சங்கிலியும் கண்ணில் பட்டன.

“அந்தப் பச்சைச் சேலை அம்மா, நீங்க வாங்களேன். ஒன்னு போட்டு விடுங்க.”

அக்கா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிடவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்று தலையை ஆட்டினேன். அவர் கையால் போட்டுக்கொள்ளவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, ரகளை வேண்டாம் என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்குவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா வந்தார். என் கன்னத்தில் சந்தனம் தடவினார். விரல்களைக் குவித்துப் பிடித்து, கைக்கு ஒன்றாக இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்களை ஏற்றினார். என் கை அப்போது வீங்கியிருந்தது. மற்றவர்கள் அழுத்தித்தான் போட்டார்கள், இவர் போட்டது வலிக்கவே இல்லை. “பிள்ளை நல்லா பொறக்கட்டும்” என்றார்.

தாம்பூலம் கொடுக்க நின்ற சின்னத்தை சும்மா இருக்கமுடியாமல் கேட்டார்: “வீட்டுக்காரர் வரலையாம்மா? என்ன வேலை பாக்குறாரு?”

“எனக்குக் கல்யாணம் ஆகலங்க.”

“அப்ப கழுத்துல?”

அக்கா ரவிக்கைக்குள் ஒரு விரலை விட்டு, சங்கிலியை முழுக்க வெளியே எடுத்து, சேலைக்கு மேல் விட்டார். “சங்கிலி” என்றார்.

‘நீங்க வாங்களேன்’ என்று கூப்பிட்ட மாமியாரின் வாய், “தெரிஞ்சே வந்து போட்டியா நீ?” என்று கேட்டது. மாமியார் என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமாம்மா?”

நான் கோலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பேசின், மஞ்சள் தண்ணீர், சவுக்காரம் எல்லாம் வந்தன. சடங்கு முடியாமல் மனையைவிட்டு எழக்கூடாது என்பதால் அங்கேயே, எல்லார் முன்னாலும், அக்கா போட்ட இரண்டு வளையலையும் கழற்றினார்கள். உடைந்தால் அபசகுனமாம், அதனால் சவுக்காரம் போட்டுப் போட்டு உருவினார்கள். அக்காவுடையது கடைசியாகப் போட்டதுதான், மற்ற வளையல்களைக் கழற்ற வேண்டியதில்லை. அப்படியும் ஐந்து நிமிடம் பிடித்தது. அக்கா நாலு அடி தள்ளி நின்று, முழுவதையும் பார்த்தார். பிறகு மஞ்சள் தண்ணீரில் என் கையைக் கழுவினார்கள். நிபோங் திபால்காரி மூச்சு வாங்க ஓடிவந்து வேறு இரண்டு போட்டார். நல்ல நேரம் எப்போதோ தாண்டியிருந்தது, அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. வீடியோ எடுத்தவரிடம் அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னார்கள். அவர் அதைச் சுத்தமாக வெட்டியும் கொடுத்தார்.

அக்கா போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சங்கிலி வெளியே கிடக்க, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. நான் மனையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அன்று இரவு கணவரிடம் சொன்னேன். “சின்ன விஷயம்தானே லா, விடு. பெரியவங்க அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆபீசில், “பசியாறிட்டியா?” என்று வழக்கம்போலக் கேட்டார் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை இப்படிச் செய்வார்கள் என்று நினைக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

“நிறுத்து” என்றார். “உன் மாமியாருக்கு நான் யாருன்னு தெரியாது. உனக்குத் தெரியும். ஃபெர்ரியில உன் சங்கிலிய நீ உள்ள தள்ளுன, நான் சிரிச்சுட்டு விட்டேன். அது உன் கழுத்து. என் சங்கிலிய ஏன் உள்ள தள்ளுன?”

அவர் பத்திரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதன் பிறகு பத்திரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம். பிரசவ விடுப்பு முடிந்து நான் போனபோது அவர் மேசையில் வேறு ஆள். புக்கிட் மெர்தாஜாமில் வேலை கிடைத்து அண்ணன் வீட்டுப் பக்கமே போய்விட்டதாகச் சொன்னார்கள். என் வீட்டிலிருந்து காடியில் இருபது நிமிடம். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் போகவில்லை.

போன மாதம் என் நாத்தனாருக்கு வளைகாப்பு, பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில். சேலைக்கு மேல் சங்கிலியை வெளியே போட்டுக்கொண்டு போனேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவது ஆளாக வளையல் போட என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன், கால் அந்தப் பக்கம் போகவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். மாமியார் பின்னாலேயே வந்தார்.

“என்னம்மா? எல்லாரும் பாக்குறாங்க.”

“நான் போட மாட்டேன் அத்தை. அன்னைக்கு என் கையிலேர்ந்து ரெண்டு வளையல் கழட்டுனீங்களே, அது தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் வந்து போடுறேன்.”

“எந்த வளையல்?”

நடிப்பு என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ஓ, அந்த நிபோங் திபால்காரி லேட்டா வந்தாளே, அதச் சொல்றியா?” என்றார். எட்டு வருடம் நான் தூக்கிக்கொண்டு திரிந்தது அவர் தலையில் ஒரு கடுகளவும் இல்லை. அக்கா பெயரைச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். “அதெல்லாம் எதுக்கும்மா இப்ப” என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய், எனக்குத் தலைசுற்றல் என்று அறிவித்துவிட்டார். வேறொருத்தி வளையல் போட்டாள்.

காடியில் போய் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். எண் மாறியிருக்கவில்லை. என் பெயரைச் சொன்னேன். “ம்” என்றார். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கடைசியில், “சங்கிலிய வெளியதான்க்கா போட்டிருக்கேன்” என்று வேறு சொன்னேன்.

“மாமியார்கிட்ட எங்க வச்சுச் சொன்ன?”

“சமையல்கட்டுல.”

“யாரு இருந்தா?”

“யாரும் இல்லக்கா.”

“வெளிய என்ன சொன்னாங்க?”

“எனக்குத் தலசுத்தல்னு.”

அந்தப் பக்கம் ஒரு பூனை கத்தியது.

“கழட்டுனது எல்லாருக்கும் முன்னால” என்றார் அக்கா. “நீ இன்னும் உள்ளதான் போட்டிருக்க.”

வைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. எட்டு வருடம் கழித்துக் கூப்பிட்டவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசக்கூடாதா என்று, காடிக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு தடவை அடித்தேன். பிறகு இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாமியாரும் சின்னத்தையும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், சுற்றிலும் ஐம்பது பெண்களாவது இருப்பார்கள். எதிரே போய் நின்றேன். ‘தலைசுத்தல் போச்சா?’ என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்குத் தலசுத்தல் இல்ல” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமியார் இலையை மடித்து எழப்போனார். “அத்தை, கையக் கழுவ வேணாம், உக்காருங்க. என் வளைகாப்புல என்ன நடந்துச்சுன்னு இவங்களுக்கும் சொல்லணும்.”